சுமந்து செல்லும் சேமிப்பகம்: ஒரு வரலாற்று நோக்கு

எழுத்தைப் பேணுதற்கு மனிதன் கண்ட வழி ஒன்றே. அதனை மற்றோரிடத்திலும் எழுதிவைத்தல். ஓலை செல்லரிக்குமுன் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதிய காலத்திலும், காந்தத் தட்டிற் பதிந்த தரவை மற்றொரு தட்டிற் பிரதிசெய்யும் இக்காலத்திலும் அவ்வழி மாறவில்லை. மாறியது பிரதிசெய்தற்கு வேண்டிய நேரமே. கணினியின் வரலாற்றைக் கூறுவோர் சேமிப்பகத்தின் கொள்ளளவு பெருகியதையே பெரிதும் வியந்து கூறுவர். அக்கொள்ளளவை நிரப்பவும் வெறுமையாக்கவும் உள்ள வாயில் அதே அளவிற்கு அகலவில்லை என்பதை அவர்கள் கூறுவது அரிது. வலையமைப்பு வாயிலைத் தன்னிடத்தே கொண்டு, கையிற் சுமந்து செல்லத்தக்கதாய் அமைந்த சேமிப்புப் பெட்டி தோன்றியதன் காரணத்தை இவ்வேறுபாட்டிலேயே தேடுதல் வேண்டும்.

1956ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ‘ரமாக்’ என்னும் கணினியோடு முதலாவது வன்தட்டுத் தொகுதி வணிகத்துக்கு வந்தது. கலிபோர்னியாவில் சான் ஹோசே நகரில் உருவாகிய அத்தொகுதியில் 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுக்கள் ஓர் அச்சிற் கோக்கப்பட்டுச் சுழன்றன. அது கொண்டது 50 இலட்சம் எழுத்துக்கள். வெளியிட்டது செக்கனுக்கு 8,800 எழுத்துக்கள். தட்டுவிட்டுத் தட்டுக்கு வாசிப்புக் கை நகரும் நேரத்தை நீக்கிக் கணித்தால், தொகுதி முழுவதையும் படித்து முடிக்க ஏறக்குறைய ஒன்பதரை நிமிடம் போதும். இன்றைய 20 டெராபைற்று வன்தட்டு ஒன்று செக்கனுக்கு 250 மெகாபைற்று வீதம் ஓயாது வெளியிட்டாலும், அதனைப் படித்து முடிக்க 22 மணித்தியாலத்துக்கு மேலாகும். கொள்ளளவு 40 இலட்சம் மடங்காயிற்று. வேகமோ 28,000 மடங்கே ஆயிற்று. களஞ்சியம் மலைபோல் வளர, அதன் கதவு மட்டும் அதற்கேற்ப வளராது நின்றது எனலாம்.

தட்டைச் சுமந்து செல்லும் வழக்கம் அதன் இளமைக் காலத்திலேயே உண்டாயிற்று. 1962இல் ஐ.பி.எம். வெளியிட்ட 1311 என்னும் இயந்திரத்தில், ஆறு தட்டுக்கள் அடங்கிய ஒரு கட்டை மூடியுடன் கழற்றி எடுக்கலாம். அதன் நிறை ஏறக்குறைய 10 இறாத்தல். கொள்ளளவு 20 இலட்சம் எழுத்துக்கள். ஒருவர் ஒரு கையில் அதனைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்கோ அடுத்த ஊருக்கோ செல்லக்கூடியதாயிருந்தது. ஆனால் அந்நிலை நீடிக்கவில்லை. தட்டின்மேல் மிதக்கும் வாசிப்புத் தலை தட்டை நெருங்க நெருங்கத் தூசியின் தீங்கு மிகுந்தது. 1973இல் வந்த ‘வின்செஸ்ரர்’ முறையில் தலையும் தட்டும் ஒரே உறையுள் அடைக்கப்பட்டன. அதன் வழிவந்த வன்தட்டுக்கள் நாளடைவில் முற்றாக மூடப்பெற்றுக் கணினியின் வயிற்றினுள்ளே நிலைபெற்றன. பிரதி எடுப்போர் காந்த நாடாவையும் நெகிழ்தட்டையும் நாடினர். 40 மெகாபைற்று வன்தட்டுக்கு 1.44 மெகாபைற்று நெகிழ்தட்டுக்கள் 28 வேண்டும். அவற்றுள் ஒன்று பழுதாயினும் பிரதி குறையுடையதாகும். அவ்வேலையைச் செய்தவர் பலர், ஒருமுறை செய்தபின் அடுத்த முறையை ஒத்திவைத்தனர் என்பதில் வியப்பில்லை.

இதற்கிடையே கம்பியின் வழி தரவை அனுப்பும் முயற்சி வேறொரு திசையில் வளர்ந்தது. 1973இல் பாலோ அல்ரோவிலுள்ள செரொக்ஸ் ஆய்வுநிலையத்தில் றொபேட் மெற்காவ் ‘ஈதர்நெற்’ என்னும் வலையமைப்புக்கு வித்திட்டார். 1984இல் சன் நிறுவனம் வெளியிட்ட முறையினால், தொலைவிலுள்ள கணினியின் கோப்புக்களைத் தன்னிடத்தே உள்ளவைபோற் கையாளுதல் எளிதாயிற்று. 1988இல் பேர்க்கிலி அறிஞர் பற்றர்சன், கிப்சன், கற்ஸ் ஆகியோர் பல சிறு தட்டுக்களை ஒருங்கிணைத்து, ஒன்று கெட்டாலும் தரவு கெடாவண்ணம் அமைக்கும் முறைகளை வகுத்துரைத்தனர். அம்முறையைப் பிரதியென மயங்குவோர் இன்றும் உளர். தட்டுப் பழுதினின்றும் அது காக்கும். தவறாக இடப்பட்ட கட்டளையினின்றும் காவாது. அழித்தலையும் அது இரு தட்டுக்களிலும் ஒருங்கே செய்துமுடிக்கும்.

அத்தகைய கட்டளையொன்று 1998இல் பிக்சார் நிறுவனத்தில் இடப்பட்டது. ‘ரோய் ஸ்ரோரி 2’ என்னும் படத்தின் கோப்புக்கள் கண்முன்னே மறையலாயின. காப்புக்காக வைத்திருந்த நாடாக்களும் பயன்படவில்லை. படத்தைக் காத்தது, அதன் ஆக்கத்திற் பங்குகொண்ட கலின் சஸ்மன் என்னும் பெண்மணியின் வீட்டிலிருந்த கணினி. குழந்தை பெற்றபின் வீட்டிலிருந்தே பணிசெய்யும் பொருட்டு, படத்தின் பிரதி அவர் இல்லத்தில் வைக்கப்பட்டிருந்தது. அக்கணினியைக் கம்பளத்திற் சுற்றி, மோட்டார் வண்டியில் ஏற்றி, மெதுவாக நிறுவனத்துக்குக் கொண்டுவந்தனர். சுமந்து செல்லும் சேமிப்பகம் என்ற பெயர் அப்பொருளுக்கு அன்று வழங்கவில்லையாயினும், அது செய்த தொழில் அதுவே.

வேண்டுமென்றே அத்தகைய பெட்டியை அமைத்தோரை அறியச் சில ஆண்டு பின்வரல் வேண்டும். நியூ மெக்சிக்கோவின் அப்பாச்சிச் சிகரத்தில் 2.5 மீற்றர் தொலைகாட்டியால் வானத்தை அளந்து பதியும் சுலோன் திட்டம் 2000ஆம் ஆண்டளவிற் பணிதொடங்கிற்று. அதன் தரவுகள் டெராபைற்று அளவின. அவற்றைப் பல நாட்டு ஆய்வாளருக்கும் வழங்குதல் எவ்வாறு? செக்கனுக்கு ஒன்றரை மெகாபிற்று செல்லும் வாடகைக் கம்பியில் ஒரு டெராபைற்றை அனுப்ப ஏறக்குறைய 60 நாட்கள் வேண்டும். மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் சான் பிரான்சிஸ்கோ ஆய்வகத்திலிருந்த ஜிம் கிறே, யோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்து அலெக்ஸ் சாலே முதலியோர் 2002இல் இவ்வினாவுக்கு விடை எழுதினர். கணினியையே பொதிசெய்து அஞ்சலில் அனுப்புக என்பதே அவ்விடை.

அவர்கள் ‘செங்கல்’ எனப் பெயரிட்ட பெட்டி ஒவ்வொன்றிலும் ஒரு கிகாஹேட்ஸ் செயலி, ஒரு கிகாபைற்று நினைவகம், ஒரு கிகாபிற்று ஈதர்நெற் வாயில், ஒரு டெராபைற்று வன்தட்டு இருந்தன. விலை ஏறக்குறைய 2,000 டொலர். ஓரிடத்தில் நிரப்பி, அமெரிக்காவினுள்ளும் ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் அவற்றை அனுப்பினர். வெறுந் தட்டை அனுப்பினால் நிறையும் குறையும், செலவும் குறையும். ஆயினும் முழுக் கணினியை அனுப்பியதிலேயே அவர்களது நுண்ணறிவு விளங்குகின்றது. வெறுந் தட்டைப் பெறுபவர் தம் கணினியைத் திறத்தல் வேண்டும். அதனுள் உரிய இணைப்பி இருத்தல் வேண்டும். தட்டில் எழுதப்பட்ட கோப்பு ஒழுங்கை அவரது இயங்குதளம் விளங்கிக்கொள்ளல் வேண்டும். தட்டுக்களின் மொழிகள் பல. ஈதர்நெற்றோ எல்லாக் கணினிகளும் அறிந்த பொதுமொழி. மின்சாரத்தையும் ஒரு கம்பியையும் கொடுத்தால், வந்த பெட்டி உள்ளூர் வலையமைப்பிற் குடிபுகும். அதனோடு நச்சுநிரலும் குடிபுகக்கூடும் என்பது இம்முறையின் தீங்கு. அந்நியக் கணினியொன்றை வீட்டினுள் விடுதல் அஞ்சத்தக்கதே.

பெருநிறுவனங்கள் இக்கருத்தைப் பின்னர் வணிகமாக்கின. அமேசன் நிறுவனம் 2015இல் 50 டெராபைற்று கொள்ளும் ‘ஸ்னோபோல்’ என்னும் பெட்டியை வாடிக்கையாளருக்கு அனுப்பத் தொடங்கிற்று. கம்பியைவிட வண்டி விரைவானது என்ற உண்மையை விண்ணியலாரும் மறந்தாரில்லை. 2017 ஏப்ரலிற் கருந்துளையைப் படம்பிடித்த தொலைகாட்டிகளின் தரவுகள் வன்தட்டுக்களாக விமானத்திற் சென்றன. தென்முனையிலிருந்தவை மட்டும் அங்குள்ள குளிர்காலம் கழியும்வரை காத்திருந்து, அவ்வாண்டின் இறுதியிலேயே வந்துசேர்ந்தன.

எளியோர் கைக்கு இப்பெட்டி வந்தது மலிவான ஒற்றைப்பலகைக் கணினியினால். 2012இல் இங்கிலாந்தில் வெளியான ‘றாஸ்பெரி பை’ உள்ளங்கையில் அடங்கும். பலர் அதனோடு ஒரு தட்டை இணைத்துச் சேமிப்பகம் ஆக்கினர், வேகம் கிட்டவில்லை. அதன் வலையமைப்பு வாயிலும் தட்டை இணைக்கும் வாயிலும் ஒரே ஒடுங்கிய பாதையைப் பங்கிட்டுக்கொண்டமையே காரணம். 2019இல் வந்த நான்காம் வகையில் இரண்டும் பிரிக்கப்பட்டன; முழுமையான கிகாபிற்று வேகமும் கிட்டிற்று. ஆயினும் இரு வன்தட்டுக்கள் ஒருங்கே சுழலத் தொடங்கும்போது பலகை கொடுக்கும் மின்னோட்டம் போதாமற்போகலாம். தனி மின்வழங்கல் வேண்டும். ஓடு வேய்ந்தாற்போலத் தடங்கள் ஒன்றன்மேலொன்று படியும் வன்தட்டை வாங்கியவரும் ஏமாறுவர். தொடக்கத்தில் விரைந்து எழுதும் அது, சிறிது நேரத்திற் களைத்த மாடுபோல் நின்றுவிடும். நகரும் உறுப்பற்ற திண்மநிலைத் தட்டே பயணத்துக்கு உகந்தது. மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் ‘ஆர்சிங்க்’ என்னும் செயல்நிரலை, 1996இல் அவுஸ்திரேலியாவில் அன்ட்ரூ ட்ரிஜெல்லும் போல் மக்கெராசும் ஆக்கியிருந்தனர். எனவே முதற் பிரதி மட்டுமே நெடுநேரம் கொள்ளும்.

ஈழத்துக்கு இவ்வரலாறு அயலானதன்று. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு தீயிடப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்தன. ஓலைச்சுவடிகளும் உடன் அழிந்தன. மற்றோரிடத்திற் பிரதியில்லாதவை அன்றே இல்லாதனவாயின. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்மியப்படுத்தி இணையத்தில் வைத்துவருகின்றது. அத்தகைய பணியின் அளவைக் கணித்துப் பார்த்தல் தகும். ஏ4 அளவுப் பக்கமொன்றை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் நிறத்திற் பதிந்து, சுருக்காது வைத்தால் ஏறக்குறைய 104 மெகாபைற்று ஆகும். 300 பக்க நூலொன்று 31 கிகாபைற்று. செக்கனுக்கு 100 மெகாபிற்றுச் செல்லும் பழைய வாயிலில் ஒரு பிரதிக்கு 42 நிமிடம். கிகாபிற்று வாயிலில் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல். சுவடியையோ பழைய நூலையோ வீட்டைவிட்டு வெளியே தர இசையாத உரிமையாளர் பலர். அவர்தம் திண்ணையிலிருந்தே ஐந்து நூல்களைப் பதிந்தவர், பழைய வாயிலாயின் பிரதியெடுக்க மட்டும் மூன்றரை மணித்தியாலம் காத்திருத்தல் வேண்டும். கடைசி பஸ்ஸும் போய்விடும். கிகாபிற்று வாயிலாயின் இருபத்திரண்டு நிமிடத்துக்குள் ஒரு பிரதி முடியும். இரண்டாவது பிரதியையும் எடுத்து, சரிபார்த்து, அதனை வேறொருவர் கையிற் கொடுத்து, வேறொரு வழியால் அனுப்பிவைக்கப் பொழுதிருக்கும்.