கவுலும் கழுவெளியும்

சேலையூர் என்றவுடன் இன்று நம் நினைவிற்கு வருவன வேளச்சேரிச் சாலையின் நெரிசலும், இடைவெளியின்றி எழுந்து நிற்கும் அடுக்குமாடி வீடுகளுமே. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு இது ஒரு காட்டின் பெயராகவும் இருந்தது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனின் இரைச்சலை விட்டு 1937-ஆம் ஆண்டு தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்தபோது, அதற்குக் கிடைத்தது சேலையூர்க் காப்புக்காட்டின் ஒரு பகுதியே. ஏறத்தாழ 365 ஏக்கர். அங்கு வேதியியல் கற்பித்த எட்வர்ட் பார்ன்ஸ் செடிகொடிகளையும் ஆழ்ந்து அறிந்தவர். முட்புதர் மண்டிய அந்நிலத்தில் இருந்த மரங்களைக் காத்தும் புதியன நட்டும் அவர் உருவாக்கிய சோலை இன்றும் நிழல் தருகிறது. அதே வளாகத்தில் பின்னாளில் புள்ளியியல் பேராசிரியராக விளங்கிய கிஃப்ட் சிரோமணி (1932–1988), சிந்துவெளி எழுத்துகளையும் நம் வீட்டு வாசற்கோலங்களையும் கணித முறையில் ஆராய்ந்தவர் என்பதைப் பலர் அறிவர். அவர் பறவைகளையும் ஆர்வத்துடன் நோக்கி எழுதியவர் என்பதை அறிந்தோர் குறைவு. புள்ளியியலில் தோய்ந்த மனம் பறவைகளிடம் சென்றதில் வியப்பில்லை. பறவை ஆராய்ச்சியில் பெரும்பகுதி எண்ணுவதுதான்.

ஆனால் எண்ணுவதற்கு முதலில் பறவை இருக்க வேண்டும். அது எங்கே எஞ்சுகிறது, எங்கே மறைகிறது என்பதை விளக்க, பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் இரு நீர்நிலைகளே போதும். ஒன்று, மதுராந்தகத்திற்கு அருகிலுள்ள வேடந்தாங்கல் ஏரி. மற்றொன்று, சேலையூருக்கு வடகிழக்கே சில கல் தொலைவிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். முன்னது ஏறத்தாழ முப்பது ஹெக்டேர் அளவுள்ள சிறிய பாசன ஏரி. பின்னது ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் பரந்து கிடந்த நீர்வெளி. சிறியது தப்பிப் பிழைத்தது. பெரியது சிதைந்தது. இதன் காரணத்தை அறிவியலில் மட்டும் தேடினால் கிடைக்காது. வருவாய்த்துறையின் பழைய ஏடுகளிலும் தேட வேண்டும்.

முதலில் அறிவியலின் பக்கத்தைப் பார்த்துவிடுவோம். தென்னாட்டுப் பறவைகளை முறைப்படி பதிவு செய்த முன்னோடிகளுள் ஒருவர் தாமஸ் ஜெர்டன். சென்னை இராணுவத்தில் மருத்துவராகப் பணியாற்றிய இவர், தீபகற்பப் பறவைகளின் பட்டியலைச் சென்னையிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்விதழில் 1839 முதல் வெளியிட்டார். நம் மக்கள் வழங்கிய தமிழ், தெலுங்குப் பெயர்களையும் கேட்டறிந்து குறித்துவைத்த அவரது பண்பு போற்றத்தக்கது. அவருடைய பெருநூலான ‘இந்தியப் பறவைகள்’ 1862-க்கும் 1864-க்கும் இடையே வெளிவந்தது. எனினும் ஓர் உண்மையை மறைப்பதற்கில்லை. அக்காலத்துப் பறவை ஆராய்ச்சி துப்பாக்கியால் நடந்த ஆராய்ச்சி. பறவையைச் சுட்டு வீழ்த்தி, தோலை உரித்துப் பாடம் செய்து, அளந்து, பெயரிடுவதே முறை. தொலைநோக்கி கைக்கு வந்தது பின்னர்தான். இதற்காக அவர்களைப் பழிப்பது முறையன்று. அவர்கள் சேர்த்த தோல்களின்றி இன்றைய வகைப்பாட்டியல் இல்லை. ஆயினும் அத்துப்பாக்கிக்கு எதிராகக் குரல் எழுப்பியோர் அந்நாளிலேயே இருந்தனர் என்பதும், அவர்கள் எழுதப் படிக்கத் தெரிந்த அறிஞர்கள் அல்லர் என்பதும் நம் கவனத்திற்குரியவை.

வேடந்தாங்கல் என்னும் பெயருக்கு வேடர்களின் சிற்றூர் என்று பொருள் கூறுவர். பறவைகளைக் காத்துப் புகழ்பெற்ற ஊருக்கு வேட்டையின் பெயர் வாய்த்தது விந்தைதான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கும்பினிப் படைவீரர் ஏரியில் கூடு கட்டியிருந்த நாரைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டரிடம் சென்று முறையிட்டனர் என்பது வழிவழி வரும் செய்தி. அப்போது செங்கற்பட்டு ஜாகீரின் கலெக்டராக இருந்தவர் லியோனல் பிளேஸ். ஏரிகளைச் செப்பனிடுவதில் பேரார்வம் காட்டியவர்; மதுராந்தகம் ஏரிகாத்த இராமர் கோயிலின் வரலாற்றிலும் இவர் பெயர் இடம்பெறுகிறது. ஏரியில் யாரும் பறவைகளைச் சுடலாகாது, அவற்றைக் காக்கும் உரிமை ஊராருக்கு உண்டு என்று அவர் ஒரு கவுல் வழங்கினார். ஆண்டு 1798 என்பர். கவுல் என்பது ஆட்சியாளர் குடிமக்களுக்கு எழுதிக் கொடுக்கும் உறுதிப்பத்திரம். பிற்காலத்தில் ஊரார் மீண்டும் விண்ணப்பித்து, 1858-இல் அன்றைய கலெக்டரிடமிருந்து அவ்வுரிமையைப் புதுப்பித்துக்கொண்டனர். பறவைகளைக் காக்க ஓர் ஊர் அரசிடம் எழுத்தில் உறுதி கேட்டுப் பெற்றது, நானறிந்தவரை, உலக வரலாற்றிலேயே அரியது.

அவர்கள் அப்படி வற்புறுத்தியது ஏன்? கருணையும் இருந்திருக்கலாம், ஆனால் விவசாயியின் கணக்கு ஒன்று திண்ணமாக இருந்தது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா முதலியன வந்து, நீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் கூடு கட்டுகின்றன. இரை தேடச் சுற்றுவட்டார வயல்களுக்கும் ஏரிகளுக்கும் பறந்து போகின்றன. மீனும் நத்தையும் தவளையும் உண்டு திரும்புகின்றன. அவற்றின் எச்சம் ஏரியில் விழுகிறது. பல ஊர்களின் நீரிலும் நிலத்திலும் சிதறிக் கிடந்த தழைச்சத்தும் மணிச்சத்தும் இவ்வாறு ஒரே ஏரியில் வந்து சேர்கின்றன. அந்நீர் மதகு வழியே வயலுக்குப் பாயும்போது உரமும் உடன் பாய்கிறது. வேதியியல் அறியாத உழவர் இதைப் பயிரின் பசுமையில் கண்டனர். நீரைச் சோதித்துப் பார்த்த பிற்கால ஆய்வாளர், அவர்கள் சொன்னது சரி என்று எழுதினர். அவ்வளவே.

ஊர்க்காவல் இருந்தபடியால், பின்னர் வந்த அறிவியலுக்கு வேலை செய்ய ஓர் இடம் கிடைத்தது. 1936-இல் சரணாலயமாக ஏற்கப்பட்ட வேடந்தாங்கல், 1962-இல் வனச்சட்டத்தின் கீழும், 1972-க்குப் பின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் வந்தது. நல்ல மழை பெய்த ஆண்டில் அங்குக் கூடும் பறவைகள் பல்லாயிரம். மழை பொய்த்தால் மரங்கள் வெறுமையாக நிற்கும். அதைக் கண்டு பறவையினமே குறைந்துவிட்டது என்று முடிவு கட்டினால் தவறாகிவிடும். அவை நீருள்ள வேறோர் ஏரிக்குச் சென்றிருக்கக்கூடும். ஓர் ஏரியின் கணக்கு அந்த ஏரியின் கணக்கு மட்டுமே. ஆதலால்தான் பல நாடுகளின் நீர்நிலைகளில் ஒரே காலத்தில், ஜனவரி மாதத்தில், நீர்ப்பறவைகளை எண்ணும் ஆசியக் கணக்கெடுப்பு 1987-இல் தொடங்கப்பட்டது. நம் சென்னையில் 1978-இல் தோன்றிய மெட்ராஸ் இயற்கையாளர் சங்கம் போன்ற அமைப்புகளின் உறுப்பினர்கள் அதிகாலையில் ஏரிக்கரைகளில் நின்று எண்ணியவை, ஊதியமின்றிச் செய்யப்பட்ட அறிவியற் பணி. 2023-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்து, 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்று கூறியது. அதன் அடிப்படையும் ஆயிரக்கணக்கான எளிய பார்வையாளர்கள் அனுப்பிய குறிப்புகளே.

எண்ணிக்கை சொல்லாத ஒன்றை வளையம் சொல்லும். பறவையின் காலில் எண் பொறித்த அலுமினிய வளையம் மாட்டும் முறையை 1899-இல் தொடங்கியவர் டென்மார்க் நாட்டுப் பள்ளியாசிரியர் மார்ட்டென்சன். நம் நாட்டில் 1959-இல் சலீம் அலியின் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இதைப் பெருமளவில் மேற்கொண்டது. உலக சுகாதார நிறுவனம் இதற்கு உதவியதன் பின்னணி சுவையானது: கர்நாடகத்தின் கியாசனூர்க் காட்டில் தோன்றிய காய்ச்சலைப் பரப்பும் உண்ணிகள், வலசைப் பறவைகளின் உடலில் ஏறித் தொலைதூரம் போகின்றனவா என்று அறிய அது விரும்பிற்று. ஆக, மனிதனின் நோய் குறித்த அச்சமே பறவைகளின் பயணத்தை அறியப் பணம் தந்தது. அப்பணிக்கு வாய்த்த முக்கிய இடங்களுள் ஒன்று கோடிக்கரை. வேளாங்கண்ணித் திருத்தலத்திற்குச் செல்வோரில் பலர் தெற்கே சிறிது தொலைவிலுள்ள அந்த முனையைப் பாராமலே திரும்பிவிடுகிறோம். வடதுருவத்தை ஒட்டிய சைபீரியாவில் முட்டையிடும் சிறு உள்ளான்கள் குளிர்காலத்தைக் கழிக்க வந்திறங்கும் உப்பங்கழி அது. முனைவர் பாலச்சந்திரன் போன்ற ஆய்வாளர் பல்லாண்டுகள் அங்கேயே தங்கி வலைவிரித்து, வளையமிட்டு, விடுவித்தனர். அத்தகைய நீண்ட பொறுமை இருந்தமையால்தான், முன்பு வந்த அளவில் பறவைகள் பின்னர் வரவில்லை என்பதை ஐயமின்றிக் கூற முடிந்தது.

இனிப் பள்ளிக்கரணை. சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஆகிய நம் பகுதி ஏரிகளில் நிரம்பி வழியும் நீர், ஒன்றிலிருந்து ஒன்றாக இறங்கி இறுதியில் அடைவது அந்தச் சதுப்பு நிலத்தையே. ஏறத்தாழ 250 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பின் மழைநீர் அங்குக் கூடி, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. நம் முன்னோர் அதைக் கழுவெளி என்றனர். எவ்வளவு பொருத்தமான சொல்! மழைக்காலத்தில் நீர் பரவவும் கோடையில் வற்றவும் இடம்விட்ட வெளி. ஆனால் அரசின் ஏட்டில் அது பாழ்நிலம். வரி தராத நிலம் பாழ் என்பது அக்காலக் கணக்கு. சுதந்திரத்திற்குப் பின்னும் அக்கணக்கு மாறவில்லை.

வேடந்தாங்கலுக்கு அமைந்தது போன்ற கவுல் ஒன்று இதற்கு இல்லை. ஏரிக்கு ஆயக்கட்டு உண்டு. நீர் குறைந்தால் கேட்பதற்கு உழவன் உண்டு. கழுவெளிக்கு அத்தகைய உரிமையாளர் யாருமில்லை. மீன் பிடித்தோரும் கோரை அறுத்தோரும் மாடு மேய்த்தோரும் இருந்தனர். அவர்களது உறவு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. 1960-களில் ஐயாயிரம் ஹெக்டேருக்கும் மேல் இருந்ததாகக் கூறப்படும் நீர்வெளி, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. பெருங்குடியில் மாநகரின் குப்பை மலையாகக் குவிந்தது. சாலைகள் அதனை வெட்டிப் பிரித்தன. நிறுவனங்களும் குடியிருப்புகளும் எழுந்தன. அவற்றுள் அரசின் கட்டடங்களும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

இங்கே பறவைகள் சாட்சிகளாயின. ஜெயஸ்ரீ வெங்கடேசன் முதலியோர் தொடங்கிய கேர் எர்த் அமைப்பு இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் சதுப்பு நிலத்தை முறைப்படி ஆராய்ந்தது. பாழ் என்று எழுதப்பட்ட இடத்தில் நீலத் தாழைக்கோழியும் இலைக்கோழியும் பூநாரையும் உள்ளிட்ட நூற்றுக்கு மேற்பட்ட பறவையினங்கள் பட்டியலில் ஏறின. அப்பகுதிக் குடியிருப்போரும் குப்பைக்கும் புகைக்கும் எதிராகப் போராடினர். 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. ‘பாழ்’ என்ற சொல்லை ஒரு பறவைப் பட்டியல் திருத்தி எழுதிய நிகழ்ச்சி இது. ஜெயஸ்ரீ வெங்கடேசனுக்கு 2025-இல் ராம்சார் உடன்படிக்கையின் விருது கிடைத்தது.

திருத்தம் மிகத் தாமதமாக வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை வீடுகளின் தரைத்தளங்கள் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அதே இடங்களில் படகு ஓடியது. புதிய வெள்ளம் ஏதும் வந்துவிடவில்லை. பழைய நீர் தன் பழைய இடத்திற்கே வந்தது. அங்கே நாம் குடியிருந்தோம். சேலையூர் மேட்டில் வசிப்போருக்கு இதில் பங்கில்லை என்று எண்ணவும் இயலாது. நாம் ஏரிகளில் விடும் கழிவுநீர் இறங்கிச் செல்லும் வழியும் அதுவே.

கவுல் பெற்ற ஊருக்கும் இடர் வராமலில்லை. வேடந்தாங்கல் சரணாலயத்தின் ஐந்து கிலோமீட்டர்ச் சுற்றெல்லையை மூன்றாகக் குறைக்கும் முன்மொழிவு 2020-இல் எழுந்தது. ஏரி அப்படியே இருக்கப்போகிறதே, எல்லை சுருங்கினால் என்ன என்று வினவியோர் இருந்தனர். பறவை உறங்குவது ஏரியில். உண்பது சுற்றிலுமுள்ள வயல்களில். நாரைகளின் வருகையை ஆண்டுதோறும் பார்த்தவர்கள் இதை எடுத்துரைத்தனர். பலத்த எதிர்ப்புக்குப் பின் முன்மொழிவைத் தமிழக அரசு திரும்பப் பெற்றது.

2022-ஆம் ஆண்டு இவ்விரு நீர்நிலைகளும் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் தலங்களின் பட்டியலில் ஒருங்கே இடம்பெற்றன. பள்ளிக்கரணைக்கு அதில் குறிக்கப்பட்ட பரப்பு ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். 2007-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட பரப்பைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. எஞ்சிய பரப்பில் எது சதுப்பு, எது பட்டா என்ற கேள்வி உடனே எழுந்தது. எல்லையை ஒட்டிக் கட்டடங்களுக்கு அனுமதி தரலாமா என்பது பற்றிய வழக்குகள் 2025-இலும் தீர்ப்பாயத்திலும் நீதிமன்றத்திலும் விசாரிக்கப்பட்டன.