உருகுநிலை: ஓர் ஆய்வுக்கூட அளவீட்டின் வரலாறு

தூய படிகப் பொருள் ஒன்று திடநிலையிலிருந்து திரவமாக மாறும் வெப்பநிலையே அதன் உருகுநிலை. இதை எண்ணால் குறிக்க நம்பகமான வெப்பநிலைமானி தேவைப்பட்டது. 1714இல் ஃபாரன்ஹீட் பாதரச வெப்பநிலைமானியை உருவாக்கினார். 1742இல் செல்சியஸ் தமது அளவுமுறையை முன்வைத்தார். ஆயினும் உருகுநிலை தூய்மைக்குச் சான்றாக வேரூன்றியது 19ஆம் நூற்றாண்டில்தான்.

அதில் பெரும்பங்கு பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரலுக்கு உண்டு. 1811 முதல் விலங்குக் கொழுப்புகளை ஆராய்ந்த அவர், சோப்பிலிருந்து பிரித்த கொழுப்பு அமிலங்களைத் திரும்பத் திரும்பப் படிகமாக்கினார். எத்தனை முறை படிகமாக்கினாலும் உருகுநிலை மாறவில்லை என்றால் பொருள் தூய்மையடைந்துவிட்டது என்று முடிவு செய்தார். 1823இல் இந்த ஆய்வுகள் நூலாக வெளிவந்தன.

அந்த முறையும் ஓரிடத்தில் ஏமாற்றியது. ஷெவ்ரல் மார்கரிக் அமிலம் என்று பெயரிட்ட பொருள், பால்மிட்டிக், ஸ்டீரிக் ஆகிய இரு அமிலங்களின் கலவையே என்று 1850களில் ஜெர்மானிய வேதியியலாளர் ஹைன்ட்ஸ் காட்டினார். பால்மிட்டிக் அமிலம் சுமார் 63 டிகிரி செல்சியஸிலும் ஸ்டீரிக் அமிலம் சுமார் 69 டிகிரியிலும் உருகும். குறிப்பிட்ட விகிதங்களில் கலந்தால் கலவை இரண்டையும்விடக் குறைந்த வெப்பநிலையிலேயே உருகிவிடும்.

இந்தத் தாழ்வே பிறகு ஒரு சோதனையாயிற்று. யூரியா, சின்னமிக் அமிலம் இரண்டும் சுமார் 133 டிகிரியில் உருகுபவை. எண்ணை மட்டும் பார்த்தால் வேறுபாடு தெரியாது. இரண்டையும் சேர்த்து அரைத்துச் சூடாக்கினால் உருகுநிலை வெகுவாக இறங்கும். ஒரே பொருளின் இரு மாதிரிகளைக் கலந்தால் இறங்காது. கலப்பு உருகுநிலைச் சோதனை என்ற இம்முறையில், ஐயத்துக்குரிய பொருளை அறிந்த பொருளோடு ஒப்பிட்டு அடையாளம் காண முடிந்தது.

பாகாகவே நின்று எளிதில் படிகமாகாத சர்க்கரைகளுக்கு எமில் ஃபிஷர் வழி கண்டார். தாம் 1875இல் கண்டறிந்த ஃபீனைல்ஹைட்ரசீனை அவற்றோடு வினைபுரியச் செய்து, ஓசசோன் எனும் மஞ்சள் படிகங்களைப் பெற்றார். உருகுநிலை அளக்க அவை ஏற்றவை. குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், மானோஸ் மூன்றும் ஒரே ஓசசோனைத் தந்தது, அவற்றின் அமைப்பை அறிய முக்கியத் தடயமாயிற்று. ஆல்டிஹைடு, கீட்டோன் போன்ற பிற திரவங்களையும் இவ்வாறே படிக வழிப்பொருளாக்கி, உருகுநிலை அட்டவணையோடு ஒப்பிட்டுக் கண்டறிவது பின்னர் வழக்கமாயிற்று.

கருவியில் நிலைத்த மாற்றத்தைத் தந்தவர் யோஹன்னஸ் தீலே. 1907இல் அவர் வெளியிட்ட கண்ணாடிக் குழாயின் பக்கக் கையைச் சூடாக்கினால், உள்ளிருக்கும் திரவம் தானே சுழன்று, கலக்காமலே வெப்பம் பரவும். அக்காலத்தில் அதில் அடர் கந்தக அமிலத்தை ஊற்றினர். பின்னர் ஆபத்துக் குறைந்த பாரஃபின் எண்ணெய் அதன் இடத்தைப் பிடித்தது.

செய்முறை இன்றும் ஏறக்குறைய அதுவே. ஒருமுனை மூடிய நுண்துளைக் குழாயில் நன்கு உலர்ந்த தூளை இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்குத் தட்டி இறக்கி, வெப்பநிலைமானியின் குமிழோடு ஒட்டிக் கட்டுவர். எதிர்பார்க்கும் உருகுநிலை நெருங்கியதும் வெப்பத்தைத் தணித்து, நிமிடத்துக்கு ஓரிரு டிகிரி மட்டுமே ஏறவிடுவர். முதல் துளி தோன்றும் வெப்பநிலை, கடைசிப் படிகம் மறையும் வெப்பநிலை இரண்டையும் குறிப்பர். பொதுவாக, இடைவெளி ஒரு டிகிரி அளவில் இருந்தால் பொருள் தூயது. விரிந்தால் மாசு உண்டு.

இன்ஸ்ப்ரூக்கில் லுட்விக் கோஃப்லர் சூடாக்கும் மேடையை நுண்ணோக்கியோடு இணைத்து, மிகச் சிறு படிகங்கள் உருகுவதையும் கண்ணால் பார்க்க வழிசெய்தார். பின்னர் மின்சாரத்தால் சூடாகும் கருவிகளும் தானியங்கிக் கருவிகளும் வந்தன.

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அகச்சிவப்பு நிறமாலையும் அணுக்கருக் காந்த ஒத்திசைவும் பரவியபின், அடையாளம் காணும் பணி பெரும்பாலும் அவற்றிடம் சென்றது. தூய்மையை விரைவாகவும் குறைந்த செலவிலும் சோதிக்க உருகுநிலை இன்றும் பயன்படுகிறது. புதிதாகத் தயாரிக்கும் திடச் சேர்மத்தை விவரிக்கும் ஆய்வுக் கட்டுரைகளில் அதன் உருகுநிலை வரம்பும் வழக்கமாக இடம்பெறுகிறது.