வழியில் இருந்த ஊர்: வெள்ளகவியும் பழனிமலைத் தென்சரிவின் பாதைகளும்

ஆய்வுச்சுருக்கம்

பழனிமலையின் தென்சரிவில் அமைந்த வெள்ளகவி, வண்டி செல்லாத தொலைதூர ஊராகவே இன்று அறியப்படுகிறது. 1821இல் கொடைக்கானல் மேட்டுநிலத்தை அளக்க வந்த ஆங்கிலேய அளவையாளர் தங்கிய ஊரும் இதுவே. இவ்வூரின் தொலைவு நிலத்தோற்றத்தால் மட்டும் அமைந்ததன்று, போக்குவரத்துப் பாதைகள் படிப்படியாகக் கிழக்கே இடம்பெயர்ந்ததன் விளைவும் ஆகும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: வெள்ளகவி, பழனிமலை, குன்னுவர், புலையர், மலைப்பாதை, டோலி

முன்னுரை

திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானல் வட்டத்தில், மேட்டுநிலத்தின் தென்விளிம்புக்குக் கீழே வெள்ளகவி உள்ளது. மேலிருந்து வருவோர் வட்டக்கானல் வழியாக இறங்க வேண்டும். கீழிருந்து வருவோர் பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரையிலிருந்து ஏற வேண்டும். பேச்சுவழக்கில் இவ்வூர் ‘வெள்ளகெவி’ எனப்படும். கெவி என்பது மலைக்குகையைக் குறிக்கும் சொல்.

இவ்வூரைப் பற்றி இதழ்களில் வரும் செய்திகள் ஏறத்தாழ ஒரே வகையின. சாலை இல்லை, ஊருக்குள் எவரும் செருப்பு அணிவதில்லை, வீடுகளை ஒட்டியே கோயில்கள் உள்ளன என்பனவே அவை. இவை பொய்யல்ல. ஆனால் இவற்றைப் படிப்பவர் மனத்தில், காலம் தொடாமல் விட்டுவைத்த ஓர் ஊர் என்னும் படிமம் பதிகிறது. ஆவணங்கள் காட்டும் வரலாறு இதற்கு நேர்மாறானது. கொடைக்கானல் என்னும் கோடைவாழிடம் தோன்றுவதற்கு முன்பே வெள்ளகவி அரசின் கண்ணுக்குத் தெரிந்த ஊராக இருந்தது.

1821ஆம் ஆண்டு

1801இல் விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் தூக்கிலிடப்பட்டார். மலைநிலங்களின் மீது உரிமை கொண்டிருந்த பாளையங்களுள் விருப்பாட்சியும் ஒன்று. இதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பின் இம்மலைப்பகுதியை அளக்கும் பணி லெப்டினண்ட் பி.எஸ். வார்டிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் குன்னுவர் ஊராகிய வெள்ளகவியைத் தம் தங்குமிடமாகக் கொண்டு, அங்கிருந்து கொடைக்கானல் மேட்டுநிலத்துக்கு ஏறினார் எனக் கொடைக்கானல் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். நலம் தரும் தட்பவெப்பமும், ஒழுங்குற அமைந்த ஊர்களில் வாழும் ஏறத்தாழ 4,000 மக்களும் கொண்ட மலை என்பது வார்டு தந்த செய்தி.

அளவைக்குழு ஒன்று தங்குமிடம் தேர்ந்தெடுப்பது தற்செயலாக நிகழ்வதன்று. ஆட்களும் உணவும் சுமைதூக்குவோரும் கிடைக்கும் ஊராகவும், மேலேயும் கீழேயும் செல்லும் பாதை புழக்கத்தில் உள்ள ஊராகவும் அது இருந்தாக வேண்டும். எனவே 1821இல் வெள்ளகவி வழியை விட்டு விலகிய ஊரன்று, வழியிலேயே இருந்த ஊர் என்று கொள்ள இடமுண்டு.

குடியேற்றமும் நிலமும்

குன்னுவர் தம்மைக் குன்னுவ வெள்ளாளர் என்று கூறிக்கொள்வர். கொங்குநாட்டுத் தாராபுரம், காங்கயம் பகுதிகளிலிருந்து நான்கைந்து நூற்றாண்டுகளுக்கு முன் மலையேறியவர்கள் என்பது 1906ஆம் ஆண்டின் மதுரை மாவட்ட விவரச்சுவடியில் டபிள்யூ. பிரான்சிஸ் பதிவு செய்த மரபுச் செய்தி. சமவெளியில் மூண்ட போர்கள் காரணம் என்று ஒரு சாராரும், பஞ்சம் காரணம் என்று மற்றொரு சாராரும் கூறினர். விருப்பாட்சி, ஆயக்குடிப் பாளையக்காரர்கள் இக்குடியேற்றத்துக்கு உதவினர் என்பதும் அம்மரபின் பகுதி.

இந்த இடத்தில் ஆவணத்தின் சொல்லாட்சியைச் சற்று நின்று நோக்க வேண்டும். குன்னுவர் வருவதற்கு முன் அந்நிலங்களைப் புலையர் பயிரிட்டு வந்தனர் என்று கூறும் விவரச்சுவடி, அவர்களைச் சோம்பல் மிக்கவர்கள் எனக் குறிக்கிறது. அடுத்து, குன்னுவர் அவர்களை அகற்றி, காலப்போக்கில் நிலத்தோடு பிணைக்கப்பட்ட அடிமைகளாக்கினர் என்றும், அந்நிலையிலிருந்து அவர்கள் இன்னும் முழுதாக மீளவில்லை என்றும் எழுதுகிறது. நிலத்தை இழந்தவர்கள் மீது சோம்பல் என்னும் குற்றச்சாட்டு முன்கூட்டியே சுமத்தப்பட்டுவிடுவதால், நிலம் பறிபோனது இயல்பான நிகழ்ச்சியாகத் தோன்றுகிறது. இது யாருடைய சொல்? நிலம் பெற்றவர்களின் கூற்று அதிகாரியின் ஏட்டில் ஏறியிருக்கலாம் என்பதே என் கருத்து. புலையர் தம் வரலாற்றைத் தாமே கூறிய பதிவு எதுவும் அந்நூலில் இல்லை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டது. விவரச்சுவடி வெளிவந்ததற்கும் அச்சட்டத்துக்கும் இடையே 70 ஆண்டுகள். மலையூர்களின் எளிய வாழ்வைப் போற்றி எழுதும் கட்டுரைகள் இந்த 70 ஆண்டுகளைப் பற்றிப் பேசுவதில்லை.

நிலத்தைப் பற்றிய மற்றொரு பதிவும் இதே வகையில் திரிந்து வந்துள்ளது. ஆண்வாரிசு இல்லாத குன்னுவர் குடும்பத்தில், மகளை வீட்டின் ஒரு பகுதிக்கே மணம் முடித்துவைக்கும் வழக்கம் இருந்தது. 1868இல் மதுரை நாட்டு நூலை வெளியிட்ட ஜே.எச். நெல்சன், அப்பெண் வயது வந்த ஆணை மணக்கக்கூடாது என்றும், ஒரு சிறுவனையோ வீட்டின் ஒரு பகுதியையோ மணப்பாள் என்றும், அதன்பின் தன் சாதிக்குள் விரும்பியவருடன் வாழ்ந்து பெறும் பிள்ளைகளே சொத்துக்கு உரியவர் என்றும் எழுதினார். அவருடைய நடையில் ஏளனம் தெளிவாகவே புலப்படுகிறது. 38 ஆண்டுகளுக்குப் பின் எழுதிய பிரான்சிஸ், வாசல்நிலைக்கு மணம் முடித்தல், தாலிக்கு மாற்றாகக் கையில் அணியும் வளை ஆகியவற்றைக் கூறி, அவளுடைய உழைப்பின் பயன் பெற்றோரையே சேரும் என்பதையும் சொல்கிறார். வேரைக் காத்தல் என்னும் பொருளில் இவ்வழக்கத்துக்கு வழங்கிய பெயரையும் அவர் தருகிறார்.

உழைப்பு பற்றிய குறிப்பு நெல்சனிடம் இல்லை. ஆனால் அதுவே இவ்வழக்கத்தின் திறவுகோல் என்று தோன்றுகிறது. மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய நிலத்தை ஒரு பருவம் கவனிக்காமல் விட்டாலும் மழை கரைத்துவிடும். கல்வரப்பைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், வாய்க்காலைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அத்தகைய நிலத்தில் ஒரு மகள் மணமாகி வேற்றூர் செல்வது, நிலத்தைக் காக்கும் கை வெளியேறுவதாகும். சொத்தும் உழைப்பும் வீட்டை விட்டு நீங்காதிருக்கச் செய்த ஏற்பாட்டை நெல்சன் பெண்ணின் ஒழுக்கம் பற்றிய வேடிக்கைச் செய்தியாக மாற்றிவிட்டார். அந்த ஏற்பாடு அப்பெண்ணுக்கு உரிமை தந்ததா, அவளை நிலத்தோடு கட்டிப்போட்டதா என்பது வேறு கேள்வி. அவள் கையில் அணிந்த வளைக்கு இரண்டு பொருளும் பொருந்தும்.

கிழக்கே நகர்ந்த பாதை

1834இல் மதுரைத் துணை ஆட்சியர் ராட்டனும் வருவாய் வாரிய உறுப்பினர் காட்டனும் தேவதானப்பட்டியிலிருந்து மலையேறி, செண்பகனூரில் கணவாயின் தலைப்பில் ஒரு சிறு மாளிகை கட்டினர். தேவதானப்பட்டி பெரியகுளத்துக்குக் கிழக்கே உள்ளது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் 1845இல் கொடைக்கானலில் தம் முதல் இரு வீடுகளை அமைத்தனர். சமவெளியில் தங்கள் குடும்பங்களை வாட்டிய நோய்க்கும் இறப்புக்கும் அஞ்சியே அவர்கள் மலையை நாடினர். அதன்பின் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து செண்பகனூர் வரை ஏறும் பாதையே முதன்மை வழியாயிற்று. 1875இல் தென்னிந்திய இரயில் பாதை இவ்வட்டாரத்தை எட்டியபோது, நிலையத்திலிருந்து மாட்டுவண்டியில் தோப்பு வரை வந்து, அங்கிருந்து குதிரையிலோ சுமைகாரர் தூக்கும் நாற்காலியிலோ மேலேறுவது வழக்கமாயிற்று.

1910களில் வத்தலக்குண்டிலிருந்து பெருமாள்மலை வழியாகச் செல்லும் மலைச்சாலை திறக்கப்பட்டது. அதை வகுத்த பொறியாளர் மேஜர் லாவின் பெயரால் அது வழங்குகிறது. இதனால் முதன்மைப் பாதை மேலும் கிழக்கே சென்றது. ஆக, 1821க்குப் பிந்தைய நூறாண்டுக்குள் மேட்டுநிலத்துக்கான வாயில் வெள்ளகவியிலிருந்து ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படி விலகிச் சென்றுள்ளது. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. சரக்கின் விலையும் வேலையின் கூலியும் அஞ்சலும் மருத்துவமும் புதிய சாலையைப் பின்தொடர்ந்தன. மலைச்சாலையின் பயன்களைப் பட்டியலிடும் நூல்கள் பல உள. அதனால் நடமாட்டம் குன்றிய பழைய பாதைகளின் கணக்கை எழுதியவர் அரியர்.

டோலி

கொடைக்கானல் உடல்நலத்துக்காகத் தோன்றிய ஊர். நலிந்த ஐரோப்பியரை மலைக்கு ஏற்றியது மனிதத் தோள். அதே தோள்சுமை வெள்ளகவியில் அண்மைக்காலம் வரை தொடர்ந்தது. மகப்பேற்று வலி கண்ட பெண்ணையும் நடக்க இயலாத நோயாளியையும் டோலி கட்டி, இளைஞர்கள் முறைமாற்றித் தூக்கிச் சென்றனர். மேலே ஏறினால் கொடைக்கானல், கீழே இறங்கினால் பெரியகுளம். இரண்டுமே செங்குத்தான காட்டுவழி. மழைநாளில் எத்திசையில் செல்வது என்பதை ஓடையின் நீர்மட்டமே முடிவு செய்தது.

விளைபொருள்களுக்கும் இதுவே வழி. காப்பியும் வாழையும் எலுமிச்சையும் வெண்ணெய்ப்பழமும் தலைச்சுமையாகவோ குதிரை முதுகிலோ சந்தையை அடைந்தன. அரிசியும் சிமெண்டும் அவ்வாறே வந்துசேர்ந்தன. ஆகவே சுமைகூலி இருபுறமும் கழிகிறது: விற்கும்போது விலை குறைகிறது, வாங்கும்போது விலை ஏறுகிறது. சமவெளி உழவனுக்கும் இடைத்தரகு உண்டு. ஆனால் அவன் அரிசி வாங்கக் குதிரைக்குக் கூலி கொடுப்பதில்லை.

ஊருக்குள் செருப்பணியாமையை மக்கள் தெய்வ மரபாகவே விளக்குவர். ஊர் எல்லையிலேயே காலணியைக் கழற்றிவிடுவர், ஏனெனில் ஊர் முழுவதும் கோயில் நிலமாகக் கருதப்படுகிறது. இது அவர்கள் தாமே வகுத்துக்கொண்ட முறை. சாலையின்மை அவர்கள் வகுத்ததன்று. சுற்றுலாக் குறிப்புகள் இவ்விரண்டையும் அருகருகே அடுக்கி இரண்டையுமே மரபாக்கிவிடுகின்றன.

காடும் பாதையும்

பாதை காட்டினூடே செல்கிறது. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டத்துக்குப் பின் மலைக்காடுகள் ஒதுக்கப்பட்டன. 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தால் காட்டுநிலத்தில் சாலையிட மைய அரசின் ஒப்புதல் தேவையாயிற்று. 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமோ, கிராமசபையின் பரிந்துரையுடன், ஒவ்வொரு நேர்விலும் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட காட்டுநிலத்தைச் சாலை, பள்ளி, மருந்தகம் போன்றவற்றுக்குப் பயன்படுத்த இடமளிக்கிறது. ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். மூன்று மீட்டர் அகலப் பாதை எனில் அது ஏறத்தாழ மூன்றே கால் கிலோமீட்டருக்கே போதும். காட்டைக் காப்பது தேவையே. ஆனால் கோடைவாழிடத்துக்காக மலைச்சாலை வெட்டப்பட்டபோது மரங்களுக்கு இக்கணக்கு பார்க்கப்படவில்லை என்பதையும் ஆய்வாளர் மறத்தல் ஆகாது.

இன்று வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் பாதையில் மலையேற்றப் பயணிகள் பொழுதுபோக்காக நடக்கின்றனர். பொதுத்தேர்தல் நாள்களில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் குதிரை மேல் ஏற்றப்பட்டு, அதிகாரிகளும் காவலரும் உடன் நடக்க, வெள்ளகவி வாக்குச்சாவடியை அடைந்துள்ளன. வாக்குப்பதிவு முடிந்ததும் அவை அவ்வழியே திரும்பிச் சென்றன.