வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில்: பயண நேரம் யார் கணக்கு?

2018 ஜூலை 24, காலை எட்டரை மணி வாக்கில் சென்னைக் கடற்கரையிலிருந்து திருமால்பூருக்குப் புறப்பட்ட மின்ரயில் பரங்கிமலை நிலையத்துக்குள் வந்தது. கோடம்பாக்கம் பக்கம் மின்கம்பி அறுந்து வண்டிகள் தாமதமாகியிருந்ததால், அதை விரைவு வண்டிகளுக்கான தண்டவாளத்துக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். அந்தத் தண்டவாளத்தை ஒட்டி ஒரு கான்கிரீட் தடுப்புச் சுவர். முதுகுப் பையோடு படிக்கட்டில் தொங்கி வந்தவர்கள் சுவரில் மோதி விழுந்தார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். முந்தைய இரவுதான் அதே இடத்தில் இருவர் பலியாகியிருந்தனர்.

விபத்துக்குச் சொல்லப்பட்ட முதல் காரணம் 'படிக்கட்டுப் பயணம்'. இந்த இரண்டு சொல்லுக்குள் ஒரு தீர்ப்பே அடங்கியிருக்கிறது: தொங்கியது அவன், விழுந்ததும் அவன். நகரத்தின் ஒரு முனையில் குடியிருந்துகொண்டு மறுமுனையில் ஏன் வேலை பார்க்கிறான், தாமதமாக வந்த வண்டியை விட்டால் அடுத்ததில் இடம் கிடைக்குமா, அரை மணி நேரம் பிந்தினால் அவனுடைய சம்பளம் என்னவாகும் என்ற கேள்விகளுக்கு அந்தத் தீர்ப்பில் இடமில்லை. உள்ளே இடம் இருந்தும் காற்றுக்காகவும் வீம்புக்காகவும் தொங்குகிற இளைஞர்கள் உண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் காலை நேரத்து வண்டியில் தொங்குகிற எல்லாரையும் அந்தக் கணக்கில் எழுதிவிட முடியாது. வீட்டுக்கும் வேலைக்கும் இடைப்பட்ட தூரத்தைத் தொழிலாளியின் சொந்த விவகாரமாகவே சட்டமும் பொருளியலும் நகரத் திட்டமும் நெடுங்காலம் நடத்தி வந்தன. பரங்கிமலைச் சுவரையும் அந்த வரலாற்றோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் சட்டம். 1952இல் போர்பந்தர் உப்பளத் தொழிலாளர்கள் வேலை முடிந்து வீடு திரும்பக் கழியைக் கடந்தபோது படகு கவிழ்ந்தது. 1958இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, படகு முதலாளியுடையதல்ல, யாரும் ஏறக்கூடிய பொதுப்படகு. ஆகவே அந்தச் சாவு 'வேலையின்போது' நேர்ந்ததாகாது. அந்த உப்பளத் தொழிலாளர்களுக்கு வீடு திரும்ப இருந்த வழக்கமான வழியே அந்தக் கழிதான் என்பது முடிவை மாற்றவில்லை. பணியிடத்தின் எல்லையைச் சற்றே நீட்டிப் பார்க்கலாம் என்ற கொள்கையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்த நீட்சி கழிக்கரை வரை வரவில்லை, அவ்வளவுதான்.

ஐந்தாண்டு கழித்து வேறொரு வழக்கு. பம்பாய் மாநகராட்சியின் 'பெஸ்ட்' நிறுவனப் பேருந்து ஓட்டுநர் ஒருவர், பணி முடிந்து பணிமனையில் வண்டியை விட்டுவிட்டு, இன்னொரு பெஸ்ட் பேருந்தில் ஏறிச் சாந்தாகுரூஸ் நோக்கிப் போகையில் விபத்தில் இறந்தார். 1963இல் பெரும்பான்மைத் தீர்ப்பு குடும்பத்துக்குச் சாதகமாக வந்தது. அவ்வளவு பரந்த நகரத்தில் ஓட்டுநர்கள் நேரத்துக்கு வேலைக்கு வரவேண்டும் என்பதற்காகத்தான் நிறுவனம் இலவசப் பயணம் தந்தது. ஆகவே அந்தப் பயணமும் பணியைச் சேர்ந்தது என்றார்கள் நீதிபதிகள். நகரத்தின் தூரமே வேலையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்ட அபூர்வமான தருணம் இது. ஆனால் பலன் கிடைத்தது வண்டி முதலாளியுடையதாக இருந்ததால்தான். சொந்த சைக்கிளில் வருகிறவனுக்கு அந்த வாதம் உதவாது.

உதவவில்லை என்பதற்குச் சான்றும் இருக்கிறது. 1971 ஜூனில் கேரளத் தொழிலாளி ஒருவர் மாலை நாலரை மணி ஷிஃப்டுக்காகச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். நாலேகாலுக்கு, ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால், லாரி மோதிக் காறை எலும்பு முறிந்தது. கீழ்நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் அவர் பக்கம் நின்றன. 1996இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: வேலைக்குப் போவது வேலை ஆகாது. எலும்பு முறிவுக்கான உதவித்தொகை கிடைக்குமா என்று தெரிந்துகொள்ள ஒரு மனிதர் இருபத்தைந்து ஆண்டு காத்திருந்தார். பதில் 'இல்லை' என்று வந்தது.

நாடாளுமன்றம் 2010இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தில் 51இ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்தை, சூழலும் நேரமும் இடமும் வேலையோடு தொடர்புள்ளவை என்று நிறுவப்பட்டால், பணி விபத்தாகவே கொள்ளப்படும் என்றது அப்பிரிவு. 2025 ஜூலையில் இன்னொரு கதவு திறந்தது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர், 2003 ஏப்ரலில், அதிகாலை மூன்று மணி ஷிஃப்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால் இறந்தார். அந்த வழக்கில் நீதிபதிகள் மனோஜ் மிஸ்ரா, கே.வி. விஸ்வநாதன் அமர்வு, 51இ பிரிவின் பொருள் பழைய தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்கும் பொருந்தும் என்றது. இரவு மூன்று மணிக்கு அந்தச் சாலையில் அவருக்கு வேறென்ன வேலை? இதை ஒப்புக்கொள்ள இருபத்திரண்டு ஆண்டு ஆயிற்று.

ரயில்வே சட்டமோ ஒரே நூலுக்குள் இரண்டு குரலில் பேசுகிறது. 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் 156ஆம் பிரிவு படியிலும் கூரையிலும் பயணிப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. அதே சட்டத்தின் 124ஏ பிரிவு, யார் தவறு என்று பாராமல் இழப்பீடு தரச் சொல்கிறது. தற்கொலை, பயணி தானே வருவித்துக்கொண்ட காயம், அவரது குற்றச் செயல் போன்றவை மட்டும் விலக்கு. திறந்த கதவருகே நின்று விழுந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு மறுக்கப்பட்ட வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம், கதவருகே நிற்பது கவனக்குறைவாக இருக்கலாம், குற்றச் செயல் ஆகாது என்றது. நிலைய ஒலிபெருக்கி இன்னமும் முதல் குரலில்தான் பேசுகிறது.

பம்பாய்க் கணக்கு இதைவிடக் கொடியது. அங்கே புறநகர் ரயில் தடங்களில் இருபது ஆண்டில் 51,000 பேருக்கு மேல் இறந்ததாக 2024இல் உயர் நீதிமன்றத்தில் ரயில்வேயே தெரிவித்தது. தண்டவாளத்தைக் கடந்து இறந்தவர்களும் இதில் அடக்கம். மக்கள் ஆடுமாடுபோல் ஏற்றிச் செல்லப்படுவது வெட்கக்கேடு என்று நீதிபதிகள் கடிந்துகொண்டார்கள். மறு ஆண்டு ஜூன் 9இல் மும்ப்ரா அருகே எதிரெதிர் வண்டிகளின் படிகளில் தொங்கியவர்கள் ஒருவரோடொருவர் உரசி விழுந்தனர். அன்றே நால்வர் இறந்தனர். உடனே வந்த அறிவிப்பு தானியங்கிக் கதவு. கதவு வேண்டியதுதான். ஆனால் உள்ளே இடத்தைக் கூட்டாமல் கதவை மட்டும் மூடினால், தொங்கியவர் நடைமேடையில் நிற்பார். அலுவலகத்தில் அவருக்கு அரைநாள் விடுப்பு விழும். சென்னையில் 2025 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய குளிர்சாதனப் புறநகர் ரயிலில் கதவுகள் தாமே மூடிக்கொள்கின்றன. அதில் குறைந்த கட்டணம் 35 ரூபாய், சாதாரண வண்டியில் 5 ரூபாய். பாதுகாப்பு ஏழு மடங்கு விலைக்குக் கிடைக்கிறது.

இனி, 'தெரிந்துதானே தூரத்தில் வீடு வாங்கினார்கள்' என்ற எதிர்வாதம். இதற்குப் பொருளியலில் மதிப்பான பரம்பரை உண்டு: தூரத்தில் குடியிருப்பவர் குறைந்த வாடகையாலோ கூடுதல் சம்பளத்தாலோ ஈடு பெறுகிறார், இல்லாவிட்டால் இடம் மாறியிருப்பார் என்பது அதன் சாரம். ஸ்விட்சர்லாந்துப் பொருளியலாளர்கள் அலாய்ஸ் ஸ்டுட்சரும் புரூனோ ஃப்ரேயும் ஜெர்மானியக் குடும்பங்களின் நீண்டகாலத் தரவுகளில் இதைச் சோதித்தபோது, பயணம் நீள நீள வாழ்க்கைத் திருப்தி குறைவதைக் கண்டார்கள். ஈடு என்று சொல்லப்பட்டது கைக்கு வந்து சேரவில்லை. டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் டேனியல் கானமனும் சகாக்களும் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், நாளின் செயல்களில் மகிழ்ச்சி மிகக் குறைந்த நேரமாகக் காலைப் பயணமே நின்றது. ஜெர்மனியிலேயே நிலைமை இது என்றால், ஊரப்பாக்கத்தில் கடன் வாங்கி இரண்டு அறை வீடு கட்டியவர் எந்தச் சந்தையில் பேரம் பேசியிருப்பார்?

வாங்கியவர்களை விடுவோம். அனுப்பப்பட்டவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் கூவம், அடையாற்றுக் கரைகளில் குடிசை போட்டிருந்த குடும்பங்கள் கண்ணகி நகருக்கும், பின்னர் அதைவிடத் தொலைவில் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கும் மாற்றப்பட்டன. சேத்துப்பட்டிலும் நுங்கம்பாக்கத்திலும் நடந்தே வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்கு அது இப்போது பேருந்துத் தூரம். காலையில் ஒரு வீடு, மதியம் ஒரு வீடு என்று பிரித்துப் பார்க்கும் வேலையை அவ்வளவு தூரத்திலிருந்து செய்ய முடியாது. இது முன்பே தெரியாத விளைவல்ல. ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985இலேயே உச்ச நீதிமன்றம், நடைபாதைவாசிகள் அங்கே வாழ்வது வேலை அருகில் இருப்பதால்தான் என்றும், தொலைவிலிருந்து வந்துபோகும் செலவு அவர்களுக்குக் கட்டுப்படியாகாது என்றும் எழுதியது. பிழைப்பு உரிமை உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று அறிவித்தது. அறிவித்துவிட்டு, உரிய அறிவிப்பு கொடுத்து அப்புறப்படுத்தலாம் என்றும் சொன்னது.

2021 மே மாதம் தமிழகத்தில் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பேருந்துத் திட்டம், அரசு இந்தப் பயணச் செலவைத் தன் கணக்கில் எழுதிக்கொண்ட பெரிய முயற்சி. பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கண்டது. டிக்கெட் செலவு தீர்ந்தது, நேரம் தீரவில்லை. அந்த நேரத்தை அளக்கவும் நாம் பழகவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலைக்குப் போகும் தூரத்தையும் வாகனத்தையும் கேட்டது, நேரத்தைக் கேட்கவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் காலை ஒன்பது மணிக்குப் பத்து கிலோமீட்டர் என்பது எவ்வளவு நேரம் என்று அந்தச் சாலையில் போகிறவர்களுக்குத்தான் தெரியும்.

51இ பிரிவின் பாதுகாப்பும் எல்லாருக்கும் எட்டவில்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள், குறைந்தது பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனம் என்று அதற்கு வேலி உண்டு; வீட்டு வேலை செய்யும் பெண் அந்த வேலிக்கு வெளியே நிற்கிறார். தமிழக அரசு 2018இல் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியாக மணிக்கு 37 ரூபாயிலிருந்து தொடங்கி நிர்ணயித்தது. அந்த மணி, அவர் அழைப்பு மணியை அழுத்தி உள்ளே போன பிறகே ஓட ஆரம்பிக்கிறது. பெரும்பாக்கத்தில் பேருந்துக்கு நின்ற நேரம், சோழிங்கநல்லூர் சிக்னலில் கழிந்த நேரம், மாலையில் அதே வழியில் திரும்பும் நேரம் எதுவும் அந்தக் கணக்கில் வருவதில்லை.