ரைன் நதிக்கரையில் ஜப்பானியக் குடும்பங்கள்

ஒரு நிறுவனம் தன் ஊழியரை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது சம்பளம், வீடு, விமானச் சீட்டு எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிடலாம். ஆனால் உடன் செல்லும் மனைவியும் பிள்ளைகளும் மொழி தெரியாத ஊரில் எப்படி வாழ்வார்கள்? ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரத்தில் ஜப்பானியர்கள் இதற்கு ஒரு விடை கண்டார்கள்.

இரண்டாம் உலகப் போரில் சிதைந்த ஜப்பான் 1950களில் தன் தொழில்களை மீண்டும் கட்டி எழுப்பியது. அதற்கு இயந்திரங்களும் எஃகுத் தொழில்நுட்பமும் தேவைப்பட்டன. எஃகுக்குப் பெயர்பெற்ற ரூர் பகுதிக்கு அருகில் இருந்ததால் ஜப்பானிய வணிக நிறுவனங்கள் டுசல்டோர்ஃபில் அலுவலகங்களைத் திறந்தன. ஊழியர்கள் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு நாடு திரும்புவது வழக்கம். 1964ல் ஜப்பானியர் சங்கமும், 1966ல் ஜப்பானிய வர்த்தக சபையும் அங்கே தோன்றின.

பெற்றோரின் பெரிய கவலை பிள்ளைகளின் படிப்புதான். ஜப்பானில் நல்ல பள்ளியில் சேரக் கடுமையான நுழைவுத் தேர்வு உண்டு. ஏறக்குறைய 2000 கான்ஜி எழுத்துகளையும் கற்றாக வேண்டும். ஜெர்மன் பள்ளியில் சில ஆண்டுகள் படித்துவிட்டுத் திரும்பும் பிள்ளை பின்தங்கிவிடும். இதற்கு அஞ்சியே குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வெளிநாடு சென்ற ஜப்பானியத் தந்தையர் பலர்.

இந்நிலையில் 1971ல் ஜப்பானியப் பாடத்திட்டத்துடன் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. பள்ளி அமைந்த ஓபர்காசல் பகுதியைச் சுற்றி ஜப்பானியக் குடும்பங்கள் குடியேறின. ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள இம்மர்மன் தெருவில் ஜப்பானிய மளிகைக் கடை, புத்தகக் கடை, உணவகம் எல்லாம் வந்தன.

இந்த வசதிகளுக்கு மறுபக்கமும் உண்டு. எல்லாம் தாய்மொழியிலேயே கிடைத்ததால் ஜெர்மன் கற்க வேண்டிய அவசியம் குறைந்தது. ஒரே ஊரில் வாழ்ந்தும் இரு சமூகங்களுக்கும் இடையே நெருக்கம் ஏற்பட நாளாயிற்று. 1975ல் ஜப்பானியர்கள் நோர்ட்பார்க் பூங்காவில் ஒரு ஜப்பானியத் தோட்டத்தை அமைத்து நகரத்துக்குப் பரிசளித்தார்கள். மிட்சுடோயோ நிறுவனத்தை நிறுவிய நுமாடா எஹானின் முயற்சியால் உருவான எகோ இல்லத்தில் 1993ல் புத்தர் கோயில் திறக்கப்பட்டது. அங்கே மழலையர் பள்ளியும் நூலகமும் உண்டு. ஜெர்மானியர்களும் வந்து போகிறார்கள். 2002 முதல் ரைன் கரையில் ஜப்பான் தின விழாவும் நடத்தப்படுகிறது.

வீடு கொடுத்தால் ஊழியர் வந்துவிடுவார். குடும்பம் நிலைக்கப் பள்ளியும் வேண்டும், பக்கத்து வீட்டாரின் நட்பும் வேண்டும். டுசல்டோர்ஃபில் முதலாவது 1971ல் கிடைத்தது. இரண்டாவதற்கு ஒரு தலைமுறைக்கும் மேல் ஆயிற்று.