ஒரு செப்புத் தகடு, இரண்டு கைகள்

ரெம்பிராண்ட் 1653 வாக்கில் அச்சிட்ட 'எகிப்துக்குத் தப்பியோடுதல்' படத்தில் ஓர் இடம் எனக்குப் பிடிபடவே இல்லை. வலப்பக்கம் அடர்ந்த மரங்கள். அவற்றின் கீழே மரியாவையும் குழந்தையையும் கழுதையில் ஏற்றிக்கொண்டு யோசேப்பு நடக்கிறார். மரங்களின் உச்சியில் வளைந்த மெல்லிய கோடுகள் தெரிகின்றன. இலையும் இல்லை, மேகமும் இல்லை. உருப்பெருக்கியில் பார்த்தால் சிறகு!

யாருடைய சிறகு? முதல் துப்பு இடப்பக்க நிலக்காட்சியில் கிடைத்தது. அந்தக் கோடுகள் ரெம்பிராண்டின் கைப்போக்கில் இல்லை. அவருக்கு முந்தைய தலைமுறைக் கலைஞர் ஹெர்குலிஸ் சேகர்ஸின் அச்சுகளைப் புரட்டினேன். 'தோபியாவும் வானதூதரும்' வந்ததும் முடிச்சு அவிழ்ந்தது. நிலக்காட்சி அதேதான். மரங்கள் நிற்கும் இடத்தில் மட்டும் தோபியாவும், பெரிய சிறகுகளோடு வானதூதர் இரபேலும் நிற்கிறார்கள். சேகர்ஸின் செப்புத் தகட்டையே ரெம்பிராண்ட் எடுத்து மாற்றியிருக்கிறார்.

மெழுகுப் பூச்சிட்ட செப்புத் தகட்டில் ஊசியால் கீறி அமிலம் விட்டால், கீறிய இடம் அரித்துப் பள்ளமாகும். அதில் தங்கும் மைதான் ஈரத்தாளில் ஏறுகிறது. கோட்டை அழிக்க, பள்ளத்தின் ஆழம்வரை செம்பைச் சுரண்டித் தேய்க்க வேண்டும். மயிரிழை மிஞ்சினாலும் மை பிடித்துவிடும். இரபேலின் சிறகு அப்படி மிஞ்சியதுதான்.

செம்பை மிச்சம்பிடிக்கத்தான் பழைய தகட்டை எடுத்தாரா? ரெம்பிராண்ட் கடனில் நொடித்த 1656இல் ஆம்ஸ்டர்டாம் அதிகாரிகள் எழுதிய வீட்டுப்பொருள் பட்டியலைப் பார்த்தேன். அதில் சேகர்ஸின் ஓவியங்கள் மட்டும் 8. ரெம்பிராண்டின் மாணவர் சாமுவேல் வான் ஹோக்ஸ்ட்ராட்டன் 1678இல் வெளியிட்ட நூலில், சேகர்ஸின் அச்சுகள் வெண்ணெயும் சோப்பும் பொதியப் போயின என்று எழுதுகிறார். ஊர் மதிக்காத கலைஞனை ரெம்பிராண்ட் தேடித்தேடிச் சேர்த்திருக்கிறார்.

வெறும் செம்புதான் தேவையென்றால் முழுத் தகட்டையும் சுரண்டியிருப்பார். அவர் பெரும்பாலும் கைவைத்தது வலப்பக்கத்தில்தான். பெரிய உருவங்களை நீக்கி, சிறிய குடும்பத்தை வைத்தார். மனிதர்கள் சிறுத்ததும் சேகர்ஸின் நிலம் பெருத்தது. தோபியாவின் பின்னணியாக இருந்த பள்ளத்தாக்கு, அகதிக் குடும்பம் கடந்தாக வேண்டிய நெடுவழியாக மாறியது. இந்தப் படத்தின் கீழ் ரெம்பிராண்டின் பெயரை மட்டும் எழுதுவது நியாயமே இல்லை. சேகர்ஸின் பெயரும் அதே அளவு எழுத்தில் இருந்தாக வேண்டும்.