நாற்காலி போடாத மேடை

(தலைப்பு: தேர்தல் காலத் தொலைக்காட்சி விவாதம் வாக்காளருக்கு வழிகாட்டியா, வழிமறிப்பா? ஜூஜுவாடி மேடையில் ‘வழிமறிப்பே’ என்ற அணியில் ஆற்றிய உரை.)



எதிரணியிலிருந்து கணீரென்று முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிற சகோதரி நல்லாத்தான் பேசினாங்க. “டி.வி. விவாதம் வந்த பிறகுதான் தலைவர்களை நேருக்கு நேர் பார்க்கிறோம். வியர்வை தெரியுது, தடுமாற்றம் தெரியுது, பொய் சொன்னா முகமே காட்டிக் கொடுத்துடுது. அதனால அது வழிகாட்டிதான்” அப்படின்னாங்க. மேடையில ஏறினவங்க முகம் தெரியுது, ஒத்துக்கறேன். ஏற விடாதவங்க முகம் எங்கேம்மா தெரியுது? (கைதட்டல்)

வழிமறிப்புன்னா என்னன்னு இந்த ஊர்க்காரங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. அந்தப் பக்கம் அத்திப்பள்ளி, இந்தப் பக்கம் ஜூஜுவாடி, நடுவுல எல்லை. எந்த ஊர் செக்போஸ்ட்டா இருந்தாலும் சரி, வருகிற எல்லா லாரியையும் நிறுத்திக் காகிதம் பார்த்தா அதுக்குப் பேரு சோதனை. தெரிஞ்ச லாரிக்குக் கையசைச்சு அனுப்பிட்டு, தெரியாத லாரியை மட்டும் ஓரங்கட்டினா அதுக்குப் பேரு வேற. தொலைக்காட்சி விவாதத்துல பாரபட்சம் எங்கே இருக்குன்னு கேட்டா, எல்லாரும் நெறியாளர் கேட்கிற கேள்வியைப் பார்க்கிறாங்க. நான் நாற்காலியைப் பார்க்கச் சொல்றேன். எத்தனை நாற்காலி போட்டாங்க, யாருக்குப் போடலை, அதை யார் முடிவு பண்ணினாங்க? பாரபட்சம் அங்கேயே முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் கேட்கிற கேள்வியெல்லாம் சும்மா சம்பிரதாயம்.

“குடியரசுத் தலைவர், அதிபர் தேர்தலைப் பத்தி ஜூஜுவாடியில என்னய்யா பேச்சு?” என்று யாராவது கேட்கலாம். இங்கேயிருந்து கூப்பிடு தூரத்துல தொரப்பள்ளி. 1878-ல் ராஜாஜி பிறந்த ஊர். 1948 முதல் 1950 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர் இந்த ஓசூர் மண்ணுக்காரர். நாட்டின் தலைமை நாற்காலியைப் பத்திப் பேச இந்த மண்ணுக்கு இல்லாத தகுதியா? (கைதட்டல்)

சரி, வரலாற்றுக்கு வருவோம். எதிரணி அமெரிக்காவைத்தான் தூக்கி வெச்சுப் பேசினாங்க. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். 1960 செப்டம்பர் 26, சிகாகோ. கென்னடியும் நிக்சனும் மோதிய முதல் தொலைக்காட்சி விவாதம். உலகமே கொண்டாடுது. ஆனா அதுக்கு முன்னாடி நடந்ததைச் சகோதரி சொல்லலை. 1934-லேயே அந்த நாட்டுல ஒரு சட்டம் இருந்தது. ஒரு வேட்பாளருக்கு ஒலிபரப்பு நேரம் கொடுத்தா, அதே பதவிக்கு நிற்கிற மற்றவங்களுக்கும் சமவாய்ப்பு கொடுக்கணும். நல்ல சட்டம். 1960-ல் என்ன பண்ணினாங்க? அதிபர் தேர்தலுக்கு மட்டும், அந்த வருஷத்துக்கு மட்டும், அந்த விதியை நிறுத்தி வெச்சாங்க. அப்புறம்தான் ரெண்டு நாற்காலி போட முடிஞ்சது. அதாவது, சரித்திரம் புகழ்கிற அந்த முதல் விவாதமே, மூன்றாவது மனிதனுடைய உரிமையை மூட்டை கட்டி வெச்சுட்டு நடந்த விவாதம்!

1980-க்கு வாங்க. ரீகன் ஒரு பக்கம், கார்ட்டர் ஒரு பக்கம். நடுவுல ஜான் ஆண்டர்சன் என்று ஒருத்தர். குடியரசுக் கட்சியின் எம்.பி.யா இருந்தவர், சுயேச்சையா நின்னார். விவாதத்தை நடத்தினது மகளிர் வாக்காளர் சங்கம். கருத்துக்கணிப்பில் 15 சதவீதம் இருந்தா வரலாம்னு சொன்னாங்க. ஆண்டர்சன் வந்தார். உடனே கார்ட்டர், “அவர் வந்தா நான் வர மாட்டேன்” என்று சொல்லிட்டார். கல்யாண வீட்டுல மாமன் முறுக்கிக்கிட்ட கதைதான்! (சிரிப்பு) செப்டம்பர் 21-ம் தேதி பால்டிமோர்ல ஆண்டர்சனும் ரீகனும் மட்டும் பேசினாங்க. அப்புறம் ஆண்டர்சனுக்குக் கணிப்பு எண்ணிக்கை இறங்கிச்சு. அக்டோபர் 28-ம் தேதி கிளீவ்லாந்து விவாதத்துல அவருக்கு நாற்காலி இல்லை. அந்த வருஷம்தான் பிறந்த சி.என்.என். தொலைக்காட்சி ஒரு வேலை செஞ்சது. மேடையில ரெண்டு பேர் பேசப் பேச, வேறொரு ஊர்ல நின்ன ஆண்டர்சன்கிட்ட அதே கேள்விகளுக்குப் பதில் வாங்கி, நடுநடுவே சேர்த்துக் காட்டினாங்க. மனசு இருந்தா மார்க்கம் உண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேணுமா?

அப்புறம் 1987-ல் ரெண்டு பெரிய கட்சிகளின் தலைவர்களும் சேர்ந்து விவாதம் நடத்த ஓர் ஆணையம் அமைச்சுக்கிட்டாங்க. பந்தயத்துல ஓடுறவனே கோடு போடுறவனும் ஆயிட்டான்! மறு வருஷம் மகளிர் சங்கம், வாக்காளரை ஏமாத்துற வேலைக்கு நாங்க துணை போக மாட்டோம் என்கிற பொருள்படச் சொல்லிட்டு விலகிடுச்சு. பெண்கள்தான் முதல்ல எழுந்து போனாங்க என்பதைச் சகோதரி கவனிக்கணும். (கைதட்டல்)

1992-ல் ராஸ் பெரோ. கோடீஸ்வரர்தான், ஆனா அரசியலுக்கு வெளியாள். அக்டோபர் தொடக்கத்துல கணிப்பில் 10 சதவீதம்கூட இல்லை. மூணு விவாதத்திலும் நாற்காலி போட்டாங்க. தேர்தல்ல ஏறக்குறைய 19 சதவீத வாக்கு வாங்கினார். அடுத்த தேர்தல் 1996. அதே பெரோ. போன தடவை வாங்கின வாக்குக் கணக்குப்படி அரசாங்கமே அவருக்குத் தேர்தல் செலவுக்கு சுமார் 2 கோடியே 90 லட்சம் டாலர் கொடுத்தது. ஆனா ஆணையம், ஜெயிக்கிற வாய்ப்பு இல்லை என்று சொல்லி நாற்காலி கொடுக்கலை. வாக்கு எட்டு சதவீதத்துக்கு இறங்கிச்சு. எல்லாம் விவாதத்தாலேதான் என்று நான் சொல்ல மாட்டேன். இறங்கினதுக்கு வேற காரணமும் உண்டு. ஆனா ஜெயிப்பானா மாட்டானா என்று தீர்ப்பு எழுத வேண்டியவன் வாக்காளன். ஓட்டுப்பெட்டி திறக்கிறதுக்கு முன்னாடியே அந்தத் தீர்ப்பை எழுத இவங்க யாரு?

2000-ல் விதியையே கல்வெட்டாக்கிட்டாங்க. ஐந்து கருத்துக்கணிப்புகளின் சராசரியில் 15 சதவீதம் வேணும். அதுக்கப்புறம் 2020 வரை அந்த ஆணையத்தின் அதிபர் விவாத மேடையில மூன்றாவது ஆள் ஏறவே இல்லை. 2024 ஜூன் 27-ல் சி.என்.என். தானே விவாதம் நடத்தினப்பவும் அதே 15 சதவீதம்தான். 1980-ல் ஆண்டர்சனைச் சேர்த்துக் காட்டின அதே சி.என்.என்.! சுயேச்சை ராபர்ட் கென்னடி ஜூனியருக்கு நாற்காலி இல்லை.

இந்த 15 சதவீதத்தின் விசித்திரத்தைப் பாருங்க. டி.வி.யில வந்தாத்தான் ஜனங்களுக்குத் தெரியும். ஜனங்களுக்குத் தெரிஞ்சாத்தான் கணிப்புல எண்ணிக்கை ஏறும். எண்ணிக்கை ஏறினாத்தான் டி.வி.யில வரலாம். பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்! (சிரிப்பு) இங்கே சிப்காட் கேட்ல நின்ன பிள்ளைகளைக் கேளுங்க. “அனுபவம் இருந்தாத்தான் வேலை” என்பாங்க. வேலையே கொடுக்காம அனுபவம் எங்கேய்யா வரும்?

“அதெல்லாம் அமெரிக்கா கதை” என்று தள்ளிட முடியாது. நம்ம நாட்டுக்கு வரேன். 1987, குடியரசுத் தலைவர் தேர்தல். மூணு பேர் களத்தில். ஒருத்தர் அப்போது துணைக் குடியரசுத் தலைவரா இருந்த ஆர். வெங்கட்ராமன், பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடத்துக்காரர். இரண்டாமவர் எதிர்க்கட்சிகள் நிறுத்தின முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். மூணாவது மிதிலேஷ் குமார் சின்ஹா, சுயேச்சை. அந்த மூணாவது ஆள் ஒரு கோரிக்கை வெச்சார். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் என் கருத்தைச் சொல்ல வசதி கொடுங்கள் என்றார். கிடைக்கலை. உச்ச நீதிமன்றம் வரை போனார். தள்ளுபடி. அன்னைக்கு டி.வி.ன்னா தூர்தர்ஷன் ஒண்ணுதான். இங்கே ஆன்டெனாவைத் திருப்பினா பெங்களூர் தெரியும், காத்தடிச்சா வெறும் புள்ளிதான் தெரியும். (சிரிப்பு) அந்த ஒரே கதவும் மூடினா வேற எங்கே போய்ப் பேசுவார்?

முடிவு என்ன? வெங்கட்ராமன் 7,40,148. கிருஷ்ணய்யர் 2,81,550. மிதிலேஷ் குமார் 2,223. “பார்த்தீங்களா, 2,223 வாங்கின ஆளுக்கு எதுக்குய்யா டி.வி.? ஓட்டுப் போடுறவங்களே எம்.பி.யும் எம்.எல்.ஏ.வும்தானே?” என்று எதிரணி கேட்கும். நியாயமான கேள்வி. பதில் சொல்லாம ஓட மாட்டேன்.

1967 குடியரசுத் தலைவர் தேர்தல்ல 17 பேர் நின்னாங்க. அதுல 9 பேர் வாங்கின ஓட்டு பூஜ்யம்! இவங்க எல்லாருக்கும் மணிக்கணக்குல நேரம் கொடுக்க முடியுமா? முடியாதுதான். அதுக்கு நாடாளுமன்றம் என்ன பண்ணிச்சு? 1974-ல் சட்டத்தைத் திருத்தி, 10 வாக்காளர் முன்மொழியணும், 10 பேர் வழிமொழியணும், 2,500 ரூபாய் டெபாசிட் என்று வாசலை உயர்த்திச்சு. 1997-ல் அதையே 50, 50, 15,000 ரூபாய் என்று இன்னும் உயர்த்திச்சு. அந்த உயரம் அதிகமா குறைவா என்பது வேற பட்டிமன்றம். ஆனா அது வெளிப்படையான வாசல். எல்லாருக்கும் ஒரே உயரம். முன்கூட்டியே சொன்னது. மிதிலேஷ் குமார் அன்னைக்கு இருந்த அந்த வாசலைத் தாண்டித்தான் உள்ளே வந்தார். மக்கள் பிரதிநிதிகள் 20 பேர் கையெழுத்துப் போட்ட மனுஷன். சட்டம் ‘நீ வேட்பாளர்’ என்று சொன்ன பிறகு, ஒலிபெருக்கி வெச்சிருக்கிறவங்க ‘நீ வேட்பாளரே இல்லை’ என்று இரண்டாவதா ஒரு வாசல் கட்டலாமா? இதுதான் நான் கேட்கிற கேள்வி.

அந்த இரண்டாவது வாசல் நம்ம பொதுத்தேர்தலிலும் இருக்கு. ஆகாசவாணியிலும் தூர்தர்ஷனிலும் தேர்தல் நேரத்துல இலவசமாப் பேச அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்குத்தான் நேரம். சுயேச்சைக்கு ஒரு நிமிஷமும் கிடையாது. இந்த ஊர்லயே நல்ல மனுஷன் ஒருத்தர் சுயேச்சையா நின்னா, அவர் சத்தம் அவர் தொண்டை எட்டுற தூரம் வரைக்கும்தான்.

கடல் தாண்டி இலங்கையைப் பாருங்க. அங்கே அதிபர் தேர்தல்ல எல்லா வேட்பாளருக்கும் அரசு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இலவச நேரம் உண்டு. நம்மைவிட ஒருபடி மேல். ஆனா சட்டம் மட்டும் போதுமா? 2010-ல் ராணுவத் தளபதியா இருந்த சரத் பொன்சேகா அதிபர் மகிந்த ராஜபக்சேவை எதிர்த்து நின்னார். அரசு ஊடகங்கள் நடுநிலையா இருக்கணும் என்று தேர்தல் ஆணையர் நெறிமுறை போட்டார். கண்காணிக்க அதிகாரியும் போட்டார். கேட்கவில்லை. கடைசியில அந்த அதிகாரியையே திரும்ப அழைச்சுக்கிட்டார். செய்தி வாசிக்கிற கை ஒரு பக்கம் சாய்ஞ்சா, இலவச நேரம் மட்டும் என்ன செய்யும்?

அதே இலங்கையில 2019 தேர்தல். 35 வேட்பாளர்கள், ரெண்டடி நீள ஓட்டுச்சீட்டு. அதுல அநுர குமார திசாநாயக்க வாங்கினது 3.16 சதவீதம். அமெரிக்க விதி அங்கே இருந்திருந்தா, “போய்ட்டு வாப்பா” என்று அனுப்பியிருப்பாங்க. 2024-ல் அதே மனிதர் அதிபர் ஆனார்! (பலத்த கைதட்டல்) இன்றைக்கு மூணு சதவீதம் என்பது நாளைக்கும் மூணு சதவீதம் என்று எந்த ஜோசியர் எழுதிக் கொடுத்தார்?

கடைசியா ஒரு காட்சி. இது தொழிலாளத் தோழர்களுக்காக. பிரான்ஸ், 2017. மார்ச் 20-ல் ஒரு தொலைக்காட்சி ஐந்து பேரை மட்டும் கூப்பிட்டு விவாதம் நடத்திச்சு. விடுபட்ட ஒரு வேட்பாளர் அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே, அதே தொலைக்காட்சியின் நேரடி ஒளிபரப்பிலிருந்து எதிர்ப்புத் தெரிவிச்சு எழுந்து போனார். ஏப்ரல் 4-ம் தேதி வேறு தொலைக்காட்சிகள் நிற்கிற 11 பேரையும் மேடையேத்தினாங்க. அதுல ஒருத்தர் பிலிப் பூட்டு. போர்டு கார் கம்பெனியின் கியர்பாக்ஸ் தொழிற்சாலைத் தொழிலாளி. கோட்டு இல்லை, டை இல்லை. விசாரணை, வழக்கு என்று பேர் அடிபட்ட பெரிய தலைவர்களை அவர் நேருக்கு நேர் கேட்டார்: போலீஸ் கூப்பிட்டா போகாம இருக்க உங்களுக்குப் பதவிப் பாதுகாப்பு இருக்கு, எங்க தொழிலாளிக்கு அப்படி ஏதாவது இருக்கா என்று. கோட்டுப் போட்ட ஐந்து பேரும் கேட்காத கேள்வியை ஸ்பேனர் பிடிச்ச கை கேட்டது. (பலத்த கைதட்டல்) அவர் வாங்கின ஓட்டு ஒரு சதவீதம்தான். ஆனா அந்தக் கேள்வி நாடு முழுக்கக் கேட்டது. வெளியாளுக்கு நாற்காலி போடறது அவர் ஜெயிக்கிறதுக்காக மட்டும் இல்லைங்க. உள்ளே இருக்கிறவங்க ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்க மாட்டாங்களே, அந்தக் கேள்வி மேடைக்கு வரணும் என்பதற்காக.

பதினோரு பேரும் எல்லா விவாதத்திலும் உட்காரணும் என்று நாங்க கேட்கலை. ஒரே ஒரு மேடையிலாவது எல்லாருக்கும் இடம் கொடுங்க. யாருக்கு நாற்காலி என்கிற விதியைத் தேர்தலுக்கு வெகு முன்னாடியே சொல்லுங்க. அந்த விதியைப் போட்டியில ஓடாத ஒருத்தர் எழுதட்டும். வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் தனி அதிகாரமே வெச்சுட்டுப் போனார். நாம ஒரு நாற்காலி வெக்கத் தயங்கலாமா?

அதுவரைக்கும், தாய்மார்களே, அடுத்த தேர்தல்ல வீட்டு டி.வி.யில விவாதம் ஓடும்போது, பேசுறவங்களைப் பார்த்தது போதும். பக்கத்துல இருக்கிற பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்க: “ஓட்டுச்சீட்டுல இருக்கிற பேர்ல இங்கே யாரு இல்லை?” அந்தக் கேள்வியைக் கேட்கிற வரைக்கும் அந்தப் பெட்டி வழிமறிப்புதான், வழிமறிப்புதான் என்று நடுவர் ஐயா தீர்ப்புச் சொல்ல வேணும் என்று கேட்டு அமர்கிறேன்.